தேயிலைத் தொழிற்சாலையில் உள்ளகப் புகார் குழு: அமைப்பது முதல் ஆண்டறிக்கை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். நீலகிரியில் பச்சைத் தேயிலை வாங்கிப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளிலும் சிறு எஸ்டேட்டுகளிலும் இந்தக் குழுவை அமைக்க உதவியவள், சிலவற்றில் வெளி உறுப்பினராக அமர்ந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் பார்த்தவரை, குழு தோற்றுப்போன இடங்களில் பெரும்பாலும் சட்டம் தெரியாமல் தோற்கவில்லை. வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால்தான் தோற்றது. புகார் வந்த பிறகு குழு அமைப்பது, பெயர்ப் பட்டியல் எழுதிய பிறகு ஆள் தேடுவது, விசாரணை முடிந்த பிறகு சான்றுகளைக் கேட்பது ஆகியவையே அந்தத் தவறுகள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. முதலில் ஆட்களை எண்ணுங்கள்

வருங்கால வைப்பு நிதிப் பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் எண்ணிவிட்டு, "எங்களிடம் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள்" என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. சட்டம் அப்படி எண்ணவில்லை. தினக்கூலி, தற்காலிகப் பணியாளர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பயிற்சியாளர் ஆகிய எல்லோரும் பணியாளர்களே. இலை இறக்குபவர், பொட்டலம் கட்டும் பெண்கள், இரவு ஷிப்டில் உலர்த்தியைக் கவனிப்பவர், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில்) தங்கியிருக்கும் கொழுந்து பறிப்பவர்கள் ஆகிய அனைவரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பணியிடம் எதுவரை நீள்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும், வேலை நிமித்தமாகச் செல்லும் இடமும் பணியிடத்தில் அடங்கும். கொழுந்து ஏற்றிவரும் பிக்கப் வண்டியில் எடைக் களத்திலிருந்து வீடு திரும்பும் பெண் அந்த வண்டியில் இருக்கும் நேரம் முழுவதும் பணியிடத்தில்தான் இருக்கிறார். மேலும், பாதிக்கப்பட்ட பெண் உங்கள் பணியாளராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தன் சொந்தத் தோட்டத்துக் கொழுந்தைக் கொண்டுவந்து போடும் சிறு விவசாயிப் பெண்ணிடம் எடைக் களத்தில் ஒருவர் தவறாக நடந்தால், அந்தப் பெண்ணும் உங்கள் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இந்த மாவட்டத்தில் சிறு தேயிலை விவசாயிகளாக இருக்கும் பெண்கள் ஏராளம் என்பதால் இந்த ஒரு வரியை நான் எல்லா இடத்திலும் இரண்டு முறை சொல்வதுண்டு.

எண்ணிக்கை உண்மையிலேயே 10-க்குக் கீழ் இருந்தால் குழு கட்டாயமில்லை. புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழுவுக்குப் போகும். முதலாளியின் மீதே புகார் என்றாலும் அங்கேதான் போக வேண்டும்.

2. எத்தனை குழு என்று முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு அலுவலகத்துக்கும் நிர்வாகப் பிரிவுக்கும் தனிக் குழு வேண்டும். கோத்தகிரியில் தொழிற்சாலையும், கூடலூரில் எஸ்டேட்டும், குன்னூரில் தங்கும் விடுதியும் வைத்திருக்கும் ஒரே குடும்பத்து நிறுவனத்துக்கு ஒரு குழு போதாது. கூடலூர்ப் பெண் ஒருவர் புகார் கொடுப்பதற்காகப் பேருந்து மாறி மாறிக் கோத்தகிரிக்கு வரவேண்டும் என்றால், அந்தப் புகார் எழுதப்படாமலே போய்விடும்.

3. வெளி உறுப்பினரை எல்லோருக்கும் முன்னால் தேடுங்கள்

பெரும்பாலோர் உள் உறுப்பினர்களின் பெயரை எழுதிவிட்டு, வெளி உறுப்பினருக்கான இடத்தைக் காலியாக வைத்து, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். பெண்களின் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரோ, பாலியல் துன்புறுத்தல் தொடர்பான விவகாரங்களை அறிந்தவரோ ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும். மலையில் அத்தகையோர் குறைவு. கிடைப்பவருக்கு ஏற்றபடிதான் கூட்டங்களின் நாளையும் இடத்தையும் திட்டமிட முடியும்.

தேடும்போது மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். அவர் உங்கள் நிறுவனத்திடமிருந்து வேறு வகையில் பணம் பெறுபவரா? உங்கள் தணிக்கையாளரையோ வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரையோ வெளி உறுப்பினராகப் போடுவது நான் மிக அதிகம் பார்த்த தவறு. நிறுவனத்தின் நலனைக் காக்க ஊதியம் பெறுபவரைப் புகார் கொடுக்கும் பெண் எப்படி நம்புவார்? அடுத்து, மழைக்காலத்தில் அவரால் வந்துசேர முடியுமா? வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோயம்புத்தூரிலிருந்து வருபவர் வர இயலாது. விசாரணைக் காலமோ சாலை திறக்கும்வரை காத்திராது. மூன்றாவதாக, உங்கள் தொழிலாளர்கள் பேசும் மொழிகளில் ஒன்றாவது அவருக்குத் தெரியுமா?

விதிகளின்படி அவருக்கு அமர்வு நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் படியும் பயணச் செலவும் உண்டு. கொடுக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்தினுடையது. அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். தன் பெயர் ஒரு குழுவில் இருப்பதே தெரியாமல் இருந்த ஒரு சமூகப் பணியாளரை நான் சந்தித்திருக்கிறேன். அந்த நிறுவனத்தில் புகார் கொடுத்த பெண் முதலில் தொலைபேசியில் அழைத்தது அவரைத்தான்.

4. தலைவரையும் உள் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுங்கள்

தலைவர் அந்த நிறுவனத்தில் மூத்த நிலையில் பணிபுரியும் பெண்ணாக இருக்க வேண்டும். உரிமையாளரின் மனைவியைத் தலைவராக்குவது இங்கே பரவலான வழக்கம். அவர் அங்கே பணிபுரியாதவர் என்றால் அந்த நியமனம் சட்டப்படி நிற்காது; கூட்டாளியாக இருந்தால் அவரே முதலாளி. மூத்த நிலைப் பெண் பணியாளர் இல்லையெனில், அதே முதலாளியின் வேறு பிரிவிலிருந்தோ, அங்கும் இல்லாதபோது வேறொரு நிறுவனத்திலிருந்தோ ஒருவரை நியமிக்கச் சட்டம் வழிவிடுகிறது.

உள் உறுப்பினர்கள் குறைந்தது இரண்டு பேர். தலைவரோடும் வெளி உறுப்பினரோடும் சேர்த்தால் நான்கு. மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். ஆனால் நான்கோடு நிறுத்த வேண்டாம் என்பது என் திடமான கருத்து. விசாரணைக்குத் தலைவர் உட்பட மூன்று பேராவது அமர வேண்டும். மலைக் கிராமங்களில் ஒருவருக்கொருவர் உறவாகவோ, ஒரே ஊராகவோ, பக்கத்து லைன் வீடாகவோ இருப்பது இயல்பு. எதிர்மனுதாரருக்கு, அதாவது புகாருக்கு உள்ளானவருக்கு, உறவான உறுப்பினர் விலகிவிட்டால் மீதி மூவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அமர்வு நின்றுவிடும். ஆறு பேரை நியமித்தால் இந்தச் சிக்கல் எழாது.

அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் போடாதீர்கள். பறிக்கும் பெண்களில் ஒருவரும் பொட்டலப் பிரிவில் ஒருவரும் இருந்தால்தான் புகார் குழுவை வந்தடையும். அதே காரணத்துக்காக, கங்காணியையும் (பறிப்பவர்களை மேற்பார்வையிடுபவர்) எடை போடுபவரையும் குழுவில் சேர்க்கவே கூடாது. கொழுந்தின் எடையை எழுதுபவர் கையில்தான் அந்தப் பெண்ணின் அன்றைய கூலி இருக்கிறது. எடையைக் குறைத்து எழுதுவேன் என்று மிரட்டுவதும், ஆளில்லாத தூரக் காட்டுக்குத் தனியாக அனுப்புவேன் என்பதும் துன்புறுத்தலோடு சேர்ந்து வரும்போது அவையும் சட்டம் குறிப்பிடும் மிரட்டல்களே.

5. ஆணையை எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்

இப்போதுதான் ஆணை. நிறுவனத்தின் பெயர், பிரிவு, உறுப்பினர்களின் பெயர், பதவி, தொலைபேசி எண், நியமன நாள் ஆகியவற்றோடு முதலாளி கையெழுத்திட வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்பதால் முடியும் நாளையும் அதிலேயே எழுதுங்கள். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடியும் தவறினால் அது இரட்டிப்பாகலாம், தொழில் உரிமமும் ரத்தாகலாம்.

ஆணையையும், தவறு செய்தால் என்ன தண்டனை என்பதையும் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். மேலாளர் அறையின் கதவு அத்தகைய இடமன்று. எடைக் களம், பெண்கள் கழிப்பறையின் உட்புறம், லைன் வீடுகளின் தண்ணீர்க் குழாய் அருகில் ஆகியவை பயன் தரும். தமிழோடு இந்தியிலும், கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளத்திலும் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலை ஆள்கணக்கு எடுக்கும் நேரத்தில் உரக்கச் சொல்லுங்கள். குழு உறுப்பினர்கள் அங்கே நேரில் நிற்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் குழுவின் விவரங்களைப் பதிவு செய்யுங்கள்.

உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் சட்டக் கடமைதான். ஒரு கற்பனைப் புகாரை எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்து அறிக்கை வரை ஒரு மதியம் நடத்திப் பார்த்தாலே குழுவின் ஓட்டைகள் தெரிந்துவிடும்.

6. புகார் வரும் நாளில் செய்ய வேண்டியவை

சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து, 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

"எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்புவது மிகக் கொடிய தவறு. எழுத இயலாதவருக்கு எழுதித்தர வேண்டியது குழுவின் கடமை. அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அலுவலகத் தமிழுக்கு மாற்றாதீர்கள். "கையைப் பிடித்து இழுத்தார்" என்று அவர் சொன்னதை "முறைகேடாக நடந்துகொண்டார்" என்று எழுதினால், விசாரணையில் எது நடந்தது என்பதே மறைந்துவிடும். எழுதியதைப் படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள்.

வெளி மாநிலப் பெண் என்றால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவார். அவர்களை அழைத்து வந்த ஏஜென்டே தமிழும் இந்தியும் தெரிந்த ஒரே ஆளாக இருப்பார். அவரையே உட்காரவைப்பது எளிதாகத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். தன் கூலியும் ஊர் திரும்பும் செலவும் யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னிலையில் எந்தப் பெண்ணும் முழுதாகப் பேச மாட்டார். ஊட்டியிலோ குன்னூரிலோ உள்ள இந்தி ஆசிரியை ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்து, இரகசியம் காப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புகாரின் 6 படிகள், ஆதார ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி ஆகியவை வேண்டும். பெற்ற நாளைக் குறித்து ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். அன்றே சி.சி.டி.வி. பதிவை எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்; பழைய பதிவின் மேல் புதியது சில வாரங்களில் எழுதப்பட்டுவிடும் என்பதால் இது மறுநாளுக்குத் தள்ளக்கூடாத வேலை. எடைச் சீட்டுகள், வருகைப் பதிவேடு, வண்டியின் நடைப் பதிவேடு ஆகியவற்றையும் உடனே பாதுகாப்பில் வையுங்கள்.

அந்தப் பெண் காவல் நிலையத்துக்குப் போக விரும்பினால் நிறுவனம் உதவ வேண்டும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் பாலியல் துன்புறுத்தல் குற்றம்; குழு விசாரணையும் காவல் விசாரணையும் ஒன்றையொன்று தடுக்காது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கு அறிவித்தே ஆக வேண்டும்.

7. இடைக்கால ஏற்பாடும் சமரசமும்

பெண் எழுத்தில் கேட்டால், இருவரில் ஒருவரை இடம் மாற்றவும், அவருக்குரிய விடுப்புக்கு மேல் 3 மாதம் வரை விடுப்பு அளிக்கவும், எதிர்மனுதாரர் அவருடைய வேலையை மதிப்பிடாமல் தடுக்கவும் குழு பரிந்துரைக்கலாம். மேற்பார்வையாளர் மீது புகார் என்றால் எடை எழுதும் வேலையை வேறொருவரிடம் மாற்றுவதே நான் முதலில் கேட்பது. "பாதுகாப்புக்காக" என்று சொல்லிப் பெண்ணைத் தூரத்துப் பிரிவுக்கு அனுப்புவது, அவர் கேட்காதவரை, அவருக்குக் கொடுக்கும் தண்டனைதான். தினக்கூலிப் பெண்ணுக்கு விடுப்பு பரிந்துரைக்கும்போது கூலி உண்டு என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அது வேலை இழப்பாக மாறிவிடும்.

சமரசம் பெண் கேட்டால் மட்டும், விசாரணை தொடங்கும் முன்னர் மட்டும். பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்தின் அடிப்படையாக வைக்கக்கூடாது. ஊர்ப் பெரியவர்களை வரவழைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பலர் நடுவில் அந்தப் பெண் "சரி" என்று சொல்வதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, இரகசியமும் அங்கேயே உடைந்துவிடுகிறது.

8. விசாரணை

நாள்கணக்கை முதலில் சுவரில் அல்லாமல் கோப்பின் உட்பக்கத்தில் எழுதுங்கள். புகாரின் படியை எதிர்மனுதாரருக்கு 7 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். முதல் இரண்டும் வேலை நாட்கள், மூன்றாவது சாதாரண நாட்கள் என்பதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அமர்வை எடைக் களத்தைப் பார்த்த கண்ணாடி அறையில் வைக்காதீர்கள்; உள்ளே யார் போனார்கள் என்பது கடைசி வண்டி கிளம்புவதற்குள் எல்லா லைனுக்கும் தெரிந்துவிடும். பேருந்து நேரத்தையும் மாலை இருளையும் கணக்கில் வைத்து, வருபவர் பகல் வெளிச்சத்தில் வீடு திரும்பும்படி நேரம் குறியுங்கள். அமர்வுக்கு வந்த நாளின் கூலியைப் பிடிக்கக்கூடாது என்று நிர்வாகத்திடம் முன்பே எழுத்தில் பெறுங்கள்.

பெண்ணையும் எதிர்மனுதாரரையும் தனித்தனியே கேளுங்கள். எதிர்மனுதாரர் பெண்ணிடம் கேட்க விரும்பும் கேள்விகளை எழுத்தில் வாங்கி, பொருத்தமானவற்றைக் குழுவே கேட்கலாம். பெண்ணின் முந்தைய வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளுக்கு இடம் கொடுக்கக்கூடாது. எந்தத் தரப்பும் வழக்கறிஞரை அழைத்துவர இயலாது. தகுந்த காரணமின்றி மூன்று அமர்வுகளுக்குத் தொடர்ந்து வராதவர் இல்லாமலே முடிவெடுக்கலாம். ஆனால் 15 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அமர்வின் குறிப்பிலும் அன்றே கையெழுத்து வாங்குங்கள். வாரக் கடைசியில் மொத்தமாக எழுதிய குறிப்புகள் மேல்முறையீட்டில் நிற்பதில்லை.

நேரில் பார்த்த சாட்சி இல்லை என்பதற்காகப் புகாரைத் தள்ளிவிடாதீர்கள். உலர்த்தி ஓடும் இரவில், மூடுபனிக் காலைத் தேயிலைக் காட்டில், சாட்சி இல்லாத இடத்தில்தான் இவை நடக்கின்றன. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் அளவுகோல். நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சான்றுகள் காட்டுகின்றனவா என்பதே குழுவின் அளவுகோல். எடைச் சீட்டில் திடீரென்று குறைந்த எடை, அன்று மாலையே அவர் அக்காவிடம் சொன்னது, மறுநாள் வேலைக்கு வராதது போன்றவை சேர்ந்து பேசும்.

எதிர்மனுதாரருக்கும் நியாயம் முழுதாகக் கிடைக்க வேண்டும். இருவரும் பணியாளர்களாக இருந்தால், கண்டறிந்தவற்றின் படியை இரு தரப்புக்கும் கொடுத்து, எதிர்ப்பு இருந்தால் கேட்ட பிறகே இறுதி அறிக்கை எழுத வேண்டும். இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் குழுக்கள் அதிகம். உண்மையான புகார்கூட இந்த ஒரு குறையால் மேல்முறையீட்டில் விழுந்துவிடக்கூடும்.

பெயர்கள் வெளியே போகக்கூடாது. அமர்வு அழைப்பை உறுப்பினர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் பெயரோடு போடுவதும் மீறல்தான். அதற்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. கோப்பின் சாவி தலைவரிடம் மட்டும் இருக்கட்டும்.

9. அறிக்கையும் நடவடிக்கையும்

விசாரணை முடிந்த 10 நாளுக்குள் அறிக்கை முதலாளிக்கும் இரு தரப்புக்கும் போக வேண்டும். முதலாளி 60 நாளுக்குள் பரிந்துரைப்படி நடக்க வேண்டும். இழப்பீடு பரிந்துரைக்கும்போது மன வேதனை, வேலை வாய்ப்பு இழப்பு, மருத்துவச் செலவு, எதிர்மனுதாரரின் வருமானம் ஆகியவற்றை எழுத்தில் அலசுங்கள். முடிவை ஏற்காதவர் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நிரூபிக்க முடியாத புகாரும் பொய்ப் புகாரும் வேறு வேறு. தீய நோக்கத்தோடு கொடுக்கப்பட்டது என்பதைத் தனியே விசாரித்து நிலைநாட்டாமல் பெண்ணின் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது. அறிவிப்புப் பலகையில் "பொய்ப் புகார் கொடுத்தால் தண்டனை" என்பதை எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு தொழிற்சாலையில், அதை மாற்றும்வரை ஒரு புகாரும் வரவில்லை.

10. ஆண்டறிக்கை

நாட்காட்டி ஆண்டு முடிந்ததும், ஜனவரியிலேயே எழுதிவிடுங்கள். வந்த புகார்கள், தீர்ந்தவை, 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ளவை, நடத்திய பயிற்சிகள், எடுத்த நடவடிக்கையின் தன்மை ஆகிய ஐந்தும் வேண்டும். புகாரே வராவிட்டாலும் சுழியம் என்று எழுதி, முதலாளிக்கும், ஊட்டியில் உள்ள மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாக மாவட்ட அலுவலருக்கும் அனுப்புங்கள். கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனம் என்றால் இயக்குநர் குழுவின் அறிக்கையிலும் இது இடம்பெற வேண்டும்.

அதே ஜனவரியில் உறுப்பினர் பட்டியலை எடுத்து, வேலையை விட்டுப் போனவர், பதவிக்காலம் அந்த ஆண்டு முடிபவர் ஆகியோரைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளி உறுப்பினரின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்தவரைத் தேடத் தொடங்கினால், கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் குழு இல்லாமல் நிற்க நேராது.